கையால் எழும்பும், தானாய் எழும்பாது: கொழும்பு மின்வெட்டை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

லினக்ஸ் சேர்வரில் பின்னணியில் ஓடும் சில சேவைகளுக்கு ஒரு குணம் உண்டு. ஆள் பக்கத்தில் இருந்து கட்டளை கொடுத்தால் உடனே எழும்பும். கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பாது. வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் இதற்குச் சொல்லப்படும் காரணம், சேர்வர் பழசு என்பது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. கோளாறு சேர்வரில் இல்லை. கையால் ஓட்டிப் பார்த்தவர் தம்மையறியாமல் அதற்கு இரவல் கொடுத்தவற்றில் இருக்கிறது.

ஆய்வுக்களத்துக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். (குரங்கின் தரப்பு வாதத்துக்கு இங்கே இடமில்லை.) காரணம் எதுவானாலும் கரண்ட் வரும்போது ரவுட்டரும் சேர்வரும் ஒரே கணத்தில் கண் விழிக்கின்றன. ரவுட்டர் லைன் பிடிக்க ஓரிரு நிமிடம் எடுக்கும். சேர்வரோ அதற்கு முன்பே எழும்பி, பில் போடும் சேவையைக் கிளப்பிவிடும். சேவை நெட்வேர்க்கைத் தேடும், காணாது, விழும். விழுந்தால் மறுபடி கிளப்பு என்று எழுதியிருந்தால், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிளப்பும், அதுவும் செக்கனில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில். 10 செக்கனுக்குள் 5 தரம் கிளப்பியும் நிலைக்கவில்லையென்றால், வேறுவிதமாகச் சொல்லி வைக்காதவரை, கைவிட்டுவிடும். ரவுட்டரில் பச்சை விளக்கு எரியும்போது சேவை போய்ச் சேர்ந்திருக்கும். அதன்பின் கடைப் பொடியன் வந்து கிளப்பினால் எழும்பாமல் என்ன செய்யும்? அவன் இரவல் கொடுத்தது நேரம். வேறு சிலர் தங்கள் ஷெல்லின் பாத்தையும் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) ஹோம் அடைவையும் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர் ஸ்கிரிப்டுக்கு முன்னால் ‘பாஷ்’ என்று போட்டு ஓட்டுவதால், முதல் வரியில் எந்த ஷெல் என்று எழுத மறந்தது தெரியவே வராது. சிஸ்டம்டி அப்படியான ஸ்கிரிப்டை 203 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும்.

யூபிஎஸ் இருந்தால் போதாதா என்பார்கள். கடைகளில் வைக்கும் யூபிஎஸ் நிமிடக் கணக்குக்கு, மின்வெட்டு மணிக்கணக்கு. 30 செக்கன் காத்திருக்கச் சொல்லி ‘ஸ்லீப் 30’ என்று ஒரு வரி சேர்த்தால் சரி என்பது இரண்டாவது தரப்பு. இதற்கு ஆதரவாளர் அதிகம், ஏனென்றால் பல நாள் வேலை செய்யும். 31ஆவது செக்கனில் லைன் வரும் நாளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. மூன்றாவது தரப்பு கொஞ்சம் படித்தது: பழைய இனிட் ஸ்கிரிப்டுகளில் எஸ்20, எஸ்80 என்று எண் போட்டு வரிசைப்படுத்திய காலம் முடிந்தது, 2010இல் வந்த சிஸ்டம்டியில் ‘நெட்வேர்க்.டார்கெட்டுக்குப் பிறகு’ என்று எழுதினால் தீர்ந்தது என்கிறது. தீரவில்லை. அந்த டார்கெட், நெட்வேர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது என்று மட்டுமே சொல்லும்; முகவரி கிடைத்ததா என்று சொல்லாது. அதற்கு ‘நெட்வேர்க்-ஒன்லைன்’ என்ற வேறொன்று உண்டு. அதையும் ‘ஆஃப்டர்’ என்று மட்டும் எழுதினால் போதாது, ‘வோன்ட்ஸ்’ என்றும் எழுத வேண்டும். ரவுட்டர் முகவரியைக் கொடுத்துவிட்டு இன்டர்நெட் லைனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதுவும் ஏமாறும். ஆகவே விழுந்த சேவையை அரை நிமிட இடைவெளியில் ஓயாமல் கிளப்பச் சொல்வதே மேல்.

இதை முறையாகச் சோதிக்க, ரவுட்டரையும் சேர்வரையும் ஒரே பிளக்கில் மாட்டி வியாபார நேரத்தில் சுவிட்சை நிறுத்த வேண்டும். முதலாளிமார் சம்மதிப்பதில்லை. குரங்கு யாரையும் கேட்கவில்லை.