தத்துப் போன வண்டியின் ஜாதகம்

வாடா மருமவனே. அந்தப் பெஞ்சி மேல உக்காரு, ஈரமா இருந்தா தொடைச்சிக்கோ. உங்கம்மா நேத்து வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. "அண்ணா, இவன் அமெரிக்கா வண்டி வாங்கறேன்னு குதிக்கிறான், நீ சொன்னா கேப்பான்"னா. நீ எப்படா நான் சொன்னதைக் கேட்ட? பத்தாவதுல கணக்கை உடாதன்னு சொன்னன், உட்ட. அப்புறம் கணக்கே தெரியாம ஆரணிப் பட்டு வித்து வீடு கட்டிட்ட. அதனால வாங்காதன்னு நான் சொல்லப் போறதில்ல. வாங்கு. நல்லா வாங்கு. கண்ணை மூடறதுக்குள்ள நானும் ஒருவாட்டி அதுல ஏறிப் பாக்கணும். ஏணி மட்டும் கொண்டாந்துடு.

போனைக் காட்டு. ஓகோ, இதான் மெல்போர்ன்ல உன் சித்தப்பா பையன் வச்சிருக்கறதா? வண்டி பக்கத்துல அவன் நிக்கிறதைப் பாத்தா தேர் சக்கரத்துக்குக் கட்டை போடறவன் மாதிரி கீறான். ஃபோர்டு எஃப்-150. நாலு கதவு, பின்னால தொட்டி. நீளம் 19 அடி. அகலம், கண்ணாடியைச் சேக்காம 6 அடி 8 அங்குலம். ரெண்டு பக்கக் கண்ணாடியையும் விரிச்சா 8 அடி. நம்ம தெருவை நீ கடைசியா எப்ப அளந்த? காலையில வெயில் ஏர்றதுக்கு முன்னாடி கொம்பை நட்டு, தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக்கினு நிக்கிறாங்களே, அவங்களை இன்னா பண்ணுவ? ஆரனை அடிச்சா பாவு எழுந்து ஓரம் போவாது. ஒரு இழை அறுந்தாலே உங்கத்தை பேசற பேச்சை நீ கேட்டிருக்க. 19 அடி வண்டி ஒரு பாவை இழுத்துக்கினு போனா, அன்னைக்கு நம்ம தெருவுல அமெரிக்காவுக்கும் நமக்கும் யுத்தம்.

சரி, அதுல இன்னா ஏத்தப் போற? பட்டுப்பொடவை. ஒரு பொடவை முக்கா கிலோன்னு வையி. 100 பொடவைன்னா 75 கிலோ. உங்கப்பன் அதை டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில கட்டிக்கினு, முன்னாடி உன்னையும் உக்கார வச்சி ஆரணிக்குப் போயி வந்தான். 75 கிலோவைக் கொண்டுபோவ உனக்கு 87 லிட்டர் பெட்ரோல் தொட்டி வேணும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிடுச்சி. ஒருவாட்டி ரொப்பினா 9 ஆயிரத்தைத் தொடும். பெட்ரோல் பங்க்குக்காரன் உனக்கு மாலை போடுவான், நான் வேணா கூட வந்து கை தட்டறன்.

இரு, கோச்சிக்காத. நீ இப்ப இன்னா சொல்லுவன்னு எனக்குத் தெரியும். "மாமா, ஸ்டியரிங்கை வலது பக்கம் மாத்தியாச்சி, பிரச்சனையே இல்ல." அங்கதான்டா நான் உன்னைப் புடிக்கணும்.

வலது பக்க ஸ்டியரிங் வச்ச அமெரிக்கா வண்டி நமக்கு ஒண்ணும் புதுசில்ல. வெள்ளைக்காரன் காலத்துலயே ஓடிச்சி. எப்படி? டெட்ராய்ட் ஆத்துக்கு இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா. அந்தக் கரையில 1904-ல ஃபோர்டு கனடா கம்பெனியைத் தொறந்தாங்க. பிரிட்டிஷ் ராஜ்ஜியத்துல இங்கிலாந்தைத் தவிர மத்த ஊருக்கெல்லாம் விக்கிற உரிமை அதுக்கு. இந்தியா, ஆஸ்திரேலியான்னு இடது பக்கம் ஓட்டற ஊருக்குப் போற வண்டிக்கெல்லாம் தொழிற்சாலையிலயே வலது பக்கம் ஸ்டியரிங் வச்சி அனுப்பிச்சாங்க. ஜெனரல் மோட்டார்ஸ்காரன் 1928-ல பம்பாய் சிவ்ரியில பட்டறை போட்டு செவ்ரோலெட்டை இங்கயே பூட்டினான். அப்புறம் பிரீமியர் கம்பெனி குர்லாவுல டாட்ஜ், ஃபார்கோன்னு லாரி செஞ்சிது. பெட்ரோல் கட்டுப்படியாவலன்னதும் மெட்ராஸ் சிம்சன்ல செஞ்ச பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினை ஏத்திக்கினாங்க. ஃபார்கோ லாரி நம்ம பக்கம் அத்தினி வருசம் மல்லாட்டை மூட்டை சொமந்துச்சின்னா அது அமெரிக்காக்காரன் கெட்டிக்காரத்தனம்னு மட்டும் நெனைக்காத. போல்ட்டு குர்லாவுல கெடைச்சிது, இஞ்சின் சாமான் மெட்ராஸ்ல கெடைச்சிது. பேருதான் அமெரிக்கா. சாமான் நம்மூரு.

ரெண்டாம் உலக யுத்தத்து ஜீப்பு, சில லாரி மட்டும் இடது பக்க ஸ்டியரிங்கோட வந்துச்சி. பழைய சினிமாவுல போலீஸ் ஜீப்பு வர்றப்ப உத்துப் பாரு, டிரைவர் இடது பக்கம் உக்காந்திருப்பான். அப்ப யாரும் கேக்கல. இப்பவும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 120-ன்னு ஒரு பிரிவு கீது. இடது பக்க ஸ்டியரிங் வண்டின்னா, விதிப்படி சிக்னல் காட்டற கருவி ஒழுங்கா வேலை செஞ்சா ஓட்டிக்கோன்னுதான் சொல்லுது. ஆனா வெளிநாட்டுலேர்ந்து எறக்குறப்ப கதை வேற. வண்டி வரும்போதே ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். ஸ்பீடா மீட்டர் கிலோமீட்டர்ல காட்டணும். ஹெட்லைட்டு இடது பக்கம் போற ரோட்டுக்குத் தோதா அடிக்கணும். பழைய வண்டின்னா செஞ்சி 3 வருசத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, அதுவும் பம்பாய் துறைமுகத்துலதான் எறக்கணும். நீ பாட்டுக்கு மெட்ராஸ் ஹார்பர்ல போயி மாலையோட நிக்காத.

"அப்படின்னா இடது பக்க வண்டியை எப்படியாவது கொண்டாந்து, இங்க நம்ம லேத்துப் பட்டறையில மாத்திக்கிலாம் மாமா"ன்னு முணுமுணுக்கிற. காது மந்தம்னு நெனைச்சியா? 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சி: வண்டியைச் செஞ்சவன் குடுத்த அளவுக்கு மாறா எதையும் மாத்தி ஆர்.சி.யில ஏத்த முடியாதுன்னு. கேரளாவுலேர்ந்து போன கேசு. ஆர்டிஓ ஆபீசுல உன்னை உக்கார வச்சி அதைப் படிச்சிக் காட்டுவாங்க, காப்பி மட்டும் குடுக்கமாட்டாங்க.

அதனால எவனோ வெளிநாட்டுலயே மாத்தி வச்ச வண்டியைத்தான் நீ வாங்கணும். அவன் இன்னா பண்ணியிருப்பான்னு தெரியுமா? நீ ஸ்டியரிங் வட்டத்தைக் கழட்டி அந்தண்டை மாட்டறதுன்னு நெனைக்கிற, தலைகாணியைத் திருப்பிப் போடற மாதிரி. இஞ்சினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல ஒரு தகடு கீதே, அதை அறுத்து ஓட்டையை எதிர்ப்பக்கம் போடணும். ஸ்டியரிங் ரேக்கைக் கண்ணாடியில பாத்த மாதிரி இடவலம் மாத்திப் புதுசா வார்க்கணும். பிரேக் பெடலு, பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் இடம் மாறணும். ஏசி பெட்டி குறுக்க வரும், அதைத் தள்ளணும். வைப்பர் எதிர்ப்பக்கமா பெருக்கணும். டேஷ்போர்டு முழுசும் புது அச்சுல ஊத்தணும். ஏர்பேக், ஒயரிங்… போதும், எனக்கே மூச்சு வாங்குது. இவ்ளோவையும் ஒழுங்கா செய்யறவன் கீறான். செய்யாதவனும் கீறான்.

செய்யாதவனை நான் பாத்திருக்கன். எனக்குப் பதினஞ்சி வயசு, ஒரு லாரியில கிளீனரா இருந்தன். யுத்தத்து டிஸ்போசல்ல எடுத்த வண்டி. பேரு வாணாம், செத்துப் போன வண்டியைத் திட்டக் கூடாது. இடது பக்கம் இருந்த ஸ்டியரிங்கை எவனோ ஒரு மகராசன் வலது பக்கம் கொண்டாந்திருந்தான். எப்படின்னா, பழைய ஸ்டியரிங் தண்டு இருந்த எடத்துலயே இருக்கும். டிரைவர் சுத்தற சக்கரத்துலேர்ந்து அதுக்கு ஒரு சங்கிலி. சைக்கிள் சங்கிலிக்கு அண்ணன் மாதிரி. போளூர் ரோட்டுல ஒரு வளைவு. டிரைவர் ஒடிச்சாரு. ஸ்டியரிங் சுத்திச்சி, சங்கிலி சுத்தல. வண்டி நேரா போயி ஒருத்தர் மல்லாட்டைக் கொல்லையில நின்னுச்சி. டிரைவர் அப்பவும் ஸ்டியரிங்கை ஒடிச்சிக்கினே இருந்தாரு, பாவம், கொல்லையில எந்தப் பக்கம் திரும்பணும்னு. அந்தச் சங்கிலிக்கு மறு சங்கிலி தேடி நானும் அவரும் வேலூரு, மெட்ராஸுன்னு ஒரு வாரம் அலைஞ்சோம். கடைக்காரங்க எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி: "இது எந்தக் கம்பெனி சாமான்யா?" எங்களுக்குத் தெரியல. கம்பெனி செஞ்சிருந்தாதானே தெரியும்?

உன் வண்டி பளபளன்னு இருக்கும், சங்கிலி இருக்காது. ஆனா அந்தக் கேள்வி மட்டும் அப்படியே கீது.

வண்டிக்கு 17 எழுத்துல ஒரு நம்பர் குடுத்திருப்பான். சேசிஸ் நம்பர். அமெரிக்காவுல 1981-லேர்ந்து எல்லா வண்டிக்கும் 17 எழுத்துதான். அதுல ஐ, ஓ, கியூ மூணு எழுத்து வராது, ஒண்ணு, சைபரோட கொழம்பிடும்னு. பத்தாவது எழுத்து எந்த வருசத்து மாடல்னு சொல்லும். ஜோசியக்காரன் கூட இவ்ளோ சுத்தமா கட்டம் போடமாட்டான். அந்த நம்பரைக் குடுத்தா பில்டரு, பெல்ட்டு, பிரேக் பேடு, கேஸ்கட்டு எல்லாம் அமெரிக்காவுலேர்ந்து பெட்டியில வந்துடும். கப்பல்ல வந்தா மாசக்கணக்கு, பிளேன்ல வந்தா காசுக்கணக்கு, ஆனா வந்துடும். அதைப் பத்தி எனக்குக் கவலையில்ல.

ஆனா அந்த ஜாதகம் பொறந்த வீட்டுல எழுதனது. உன் வண்டி தத்துப் போனது. தத்து எடுத்த வீட்டுல இன்னா சாப்பிட்டுச்சி, எந்தக் கை மாத்திக் கட்டினாங்கன்னு ஜாதகத்துல இருக்காது. நம்பரைக் குடுத்து ஸ்டியரிங் ரேக் கேட்டன்னு வையி, அமெரிக்காக்காரன் இடது பக்க ரேக்கைத்தான் அழகா சுத்தி அனுப்புவான். உன் வண்டியில வலது பக்கம் இருக்கறது அவனுக்குத் தெரியவே தெரியாது. வைப்பர் லிங்க் கேட்டா அதுவும் அப்படியே. டேஷ்போர்டு வெடிச்சிடுச்சின்னா அந்த அச்சு உலகத்துல ஒரே பட்டறையில இருக்கும். அந்தப் பட்டறை பூட்டிட்டா?

உனக்குப் புரியற மாதிரி சொல்றன். பட்டு நூலு சிட்லகட்டாவுலேர்ந்து வருது, சரிகை சூரத்துலேர்ந்து வருது. பணத்தைக் குடுத்தா ரெண்டும் வரும். ஆனா உங்க தாத்தன் போட்ட அந்த யாளி பார்டரு, அதோட ஜக்காடு அட்டையைக் கரையான் தின்னுது பாரு, அப்புறம் அந்தப் பொடவை நெய்ய முடிஞ்சிதா? நூலு இருந்துச்சி, தறி இருந்துச்சி, நெய்யற கை இருந்துச்சி. அட்டை இல்ல. வண்டி மாத்துன பட்டறைதான்டா உன் அட்டை.

மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில பாத்துக்கிலாம்னு நெனைக்காத. புதுப்பேட்டை பெரிய ஊரு, சாமி மாதிரி. அங்க கதவு கேட்டா கதவு, கியர்பாக்ஸ் கேட்டா கியர்பாக்ஸ். ஆனா அந்தக் கடைக்கு ஒரு சாமான் வரணும்னா அதே மாதிரி வேற வண்டி எங்கனா ஒண்ணு செத்திருக்கணும். உன் வண்டி மாதிரி இந்த ஊருல ஒண்ணு இருந்தாதானே சாவும்? ஃபோர்டுன்னதும் ஃபிகோ கண்ணாடியை எடுத்து நீட்டுவான். மறைமலைநகர்ல 20 வருசத்துக்கு மேல வண்டி செஞ்ச கம்பெனிதான். இனிமே இந்தியாவுல செய்யறதில்லன்னு 2021-ல சொல்லிட்டான். இருந்த காலத்துலயும் இந்த எஃப்-150-யை இங்க செய்யல. ஆசையை மட்டும் உட்டுட்டுப் போயிட்டான்.

உன் சித்தப்பா பையன் கேசு வேற, அதையும் சொல்லிடறன். நாளைக்கு அவன் போன் பண்ணி "கெழவனுக்கு இன்னா தெரியும்"னுவான். மெல்போர்ன்ல இதுக்குன்னே பெரிய பெரிய பட்டறை கீது. வாக்கின்ஷான்னு ஒருத்தர் கம்பெனி ராம், சில்வராடோ ரெண்டையும் மாத்துது. எஃப்-150-யை 2023-லேர்ந்து ஆர்எம்ஏன்னு ஒரு கம்பெனி மாத்துது. இது களவாணி வேலை இல்ல. வண்டிக்காரனே கையெழுத்துப் போட்டு, அவன் ஷோரூம்லயே வித்து, வாரண்டியும் குடுக்கறான். மாத்துன சாமானுக்குத் தனியா நம்பர் கீது, கேட்டா எடுத்துக் குடுக்கறான். உன் சித்தப்பா பையன் வீட்டுலேர்ந்து வண்டியிலயே அந்தப் பட்டறைக்குப் போயி வந்துடலாம். நீ நம்ம சேத்துப்பட்டுலேர்ந்து எதுல போவ?

பிக்கப்பு ஆசை உடமாட்டேங்குதா? வலது பக்க ஸ்டியரிங்கோடயே பொறந்ததும் கீதுடா. இசுசு வி-கிராஸ் தடா பக்கத்துல ஸ்ரீசிட்டியில செய்யறான். டொயோட்டா ஹைலக்ஸ் பிடதியில பூட்டறான், 2022-லேர்ந்து விக்கிறான். உங்கம்மா சந்தோசப்படுவா. ஆனா நீ மூஞ்சைத் திருப்பிக்கிற. அதுல நாலு பேரு திரும்பிப் பாக்கமாட்டாங்க, அதானே? நம்மூரு லூர்து மாதா கோயில் திருவிழாவுக்கு அந்த அமெரிக்கா வண்டியில போயி எறங்கணும், கூட்டம் மாதாவை உட்டுட்டு உன்னைப் பாக்கணும். புரியுது, புரியுது. நானும் ஒரு காலத்துல கூலிங் கிளாஸ் போட்டுக்கினு மாட்டு வண்டி ஓட்டினவன்தான்.

அதனால வாங்கு. ஆனா இதை மட்டும் செய்யி. விக்கிறவன் பாடி நிறத்தைக் காட்டுவான், சீட்டைக் காட்டுவான், பாட்டு போட்டுக் காட்டுவான். நீ கீழ படுத்துக்க. பட்டு வேட்டியோட போவாத. ஸ்டியரிங் ரேக்குல நம்பர் அடிச்சிருக்குதா, யாரு செஞ்சதுன்னு பேரு கீதா பாரு. பெடலு வெல்டிங்கை வெரலால தடவிப் பாரு. ராத்திரியில சுவத்துக்கு நேரா நிறுத்தி டிப் அடிச்சிப் பாரு, வெளிச்சம் வலது பக்கம் தூக்கி அடிச்சா எதிர்ல வர்ற போளூர் பஸ்சு டிரைவர் உங்கப்பனைத் திட்டுவான், உன்னையில்ல. மாத்துன பட்டறையோட பேரு, சாமான் பட்டியலு, இதுவரைக்கும் எத்தினி வண்டி மாத்துனான், இன்னும் தொறந்து வச்சிருக்கானான்னு எழுதி வாங்கு. அதைக் குடுக்கலன்னா பணத்தை எடுக்காத, டீயைக் குடிச்சிட்டு எழுந்து வந்துடு. குடுத்தான்னா வண்டியோட சேத்து ரெண்டு ஸ்டியரிங் ரேக்கு, ஒரு வைப்பர் லிங்க் கூடுதலா வாங்கிக் கொண்டாந்து பரண் மேல போடு. உங்கத்தை திட்டுவா, திட்டட்டும்.

அந்தப் பட்டறைக்காரன் போன் நம்பரை ஒரு சீட்டுல பெரிய எழுத்துல எழுதி எங்கிட்டயும் ஒண்ணு குடு. மல்லாட்டைக் கொல்லையிலேர்ந்து நீ எனக்குத்தான் போன் பண்ணுவ.