கன்சல்டன்சி அழைப்பின் இலக்கணம்: ஒரு முன்னாய்வு

இவ்வாய்வின் களம் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை. பொழுது, காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை. அதாவது, வேலையில் இருப்பவர் வாய்திறந்து பேச முடியாத நேரம். (அலுவலகப் படிக்கட்டில் நின்று கிசுகிசுப்பவர்கள் எல்லாரும் காதலர்கள் அல்லர்.) ஆய்வுப்பொருள், வேலை தேடுவோர் 'கன்சல்டன்சி' என்றழைக்கும் ஆள்சேர்ப்பு முகவர். இவரால் பயன் உண்டு என்போர் வேலை கிடைத்தவர்; இல்லை என்போர் கிடைக்காதவர். இருசாரார் சாட்சியமும் தள்ளப்பட்டது.

தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று என்பர் இலக்கணிகள். முகவரிடம் இம்மூன்றும் இதே வரிசையில் நிகழ்கின்றன. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூமைப் புதுப்பித்த மறுநாளே அவர் தோன்றுவார். 'ஒரு முன்னணி எம்என்சி' என்பார், பெயர் சொல்லார். சொன்னால் நாம் நேரே விண்ணப்பித்துவிடுவோம் என்ற அச்சம். அது நியாயமானதே. பிறகு மூன்று வினாக்கள்: இப்போதைய சிடிசி (ஆண்டுச் சம்பளம்), எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட். தொண்ணூறு நாள் என்றால் மறுமுனையில் நெடுமூச்சு. நமக்கு என்ன தெரியும் என்ற வினா பெரும்பாலும் எழாது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றே எனக் காணும் அத்வைதிகளும் அத்துறையில் உளர்.

முதல் அழைப்பில் சொன்ன பன்னிரண்டு லட்சம், இரண்டாம் அழைப்பில் 'வேரியபிள் சேர்த்து ஒன்பது' எனத் திரியும். நேர்காணல் முடிந்ததும், "கிளையன்ட் ஃபீட்பேக் வந்ததும் சொல்றேன் சார்" என்பதோடு ஆள் கெடுவார். அதன்பின் வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும் விழும்.

இவ்விகாரங்களுக்குக் காரணம் பண்பன்று, பணம். முகவருக்குக் கூலி கொடுப்பது நிறுவனம். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது நெடுநாளைய வழக்கு. அதுவும் ஆள் வேலையில் சேர்ந்தால்தான். சேர்ந்தவர் சில மாதங்களில் ஓடிவிட்டால், பல ஒப்பந்தங்களில், மாற்று ஆளை இலவசமாகத் தர வேண்டும்.

நம் சம்பளம் ஏறினால் அவர் பங்கும் ஏறுமே, ஆகவே அவர் நமக்காக வாதாடுவார் என்பாரும் உளர். அது பொருந்தாது. நாம் ஐம்பதாயிரம் கூட்டிக் கேட்டால் அவருக்குக் கூடுவது 4,165 ரூபாய். பேரம் முறிந்தால், பன்னிரண்டு லட்சத்து வேலையில், போவது ஏறத்தாழ ஒரு லட்சம். அவர் எப்பக்கம் சாய்வார் என்பதற்கு உரை வேண்டா.

ஆயினும் விளம்பரத்துக்கு வராத வேலைகளும், அவற்றுக்கு ஆள் எடுக்கும் மேலாளரின் தொலைபேசி எண்ணும் அவரிடம் இருக்கும். ஆகவே அவர் பயனுடையவரே. நம் ஆள் மட்டும் அல்லர். எந்த முகவர் எந்த நிறுவனத்துக்கு நம் ரெஸ்யூமை அனுப்பினார் என்று குறித்து வைப்பது நன்று. ஒரே நிறுவனத்துக்கு இருவர் அனுப்பிவிட்டால், கூலி யாருக்கு என்ற வழக்கைத் தவிர்க்க, நிறுவனம் நம்மையே தவிர்த்துவிடக்கூடும்.

நிறுவனமே கூலி கொடுக்கும் என்பதற்குப் புறனடை ஒன்று. வெளிநாட்டு வேலைக்கு, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவர், தொழிலாளியிடம் 30,000 ரூபாய் வரையும் அதற்கான ஜிஎஸ்டியும் வாங்க விதி இடம் தந்துள்ளது. உள்ளூர் ஐடி வேலைக்கு 'ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்' கேட்பவரோ இவ்வாய்வின் எல்லைக்குள் வாரார். அவர் சைபர் கிரைம் போலீசாரின் ஆய்வுக்கு உரியவர். உதவி எண் 1930.