சூரியத் தகட்டு நீட்டிப்பு வயர்: ஓர் அகப்புற ஆய்வு

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது நம் கோலாலம்பூரில்தான். தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய அந்தப் பேரவையில் சூரியத் தகட்டு வயரைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அப்போது தகடு வீடுகளுக்கு வந்திருக்கவில்லை என்று சமாதானம் சொல்வர். வந்த பிறகும் அறிஞர்கள் வாய் திறக்கக் காணோமே! பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தகடு பால்கனிக் கம்பியில், பேட்டரி ஹாலில், நடுவே எட்டாத வயர். பதி, பசு, பாசம் போன்ற இம்முப்பொருள் உண்மையை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பொன்னாடை ஏற்கப்படும்.

நீட்டிப்பு வயர் நால்வகைப்படும். கடையில் வாங்கியது: ஆய்வுக்குரியதன்று. கூரையில் பதித்துத் தெனாகா மின் இணைப்போடு சேர்த்தது: பதிவு பெற்ற வயர்மேன் பாடு, நமக்கு அங்கே வேலை இல்லை. தானே செய்தது: கீழே காண்க. செய்யத் தொடங்கி லாச்சிக்குள் போனது: எண்ணிக்கையில் இதுவே மிகுதி.

கேபிளை மீட்டர் கணக்கிலும் எம்சி4 இணைப்பியைத் தனியாகவும் ஜாலான் பாசார் பக்கம் வாங்கிச் செய்தால் பாதிக் காசு மிச்சம் என்பது முன்னோர் கொள்கை (மாமா, வாய்மொழி). முனை நசுக்கும் கிரிம்பரின் விலையைச் சேர்த்தால் கணக்கு உதைக்கிறதே எனில், அது செலவன்று, முதலீடு (மாமா, வாய்மொழி, திருத்திய பதிப்பு). மொத்தம் எத்தனை வெள்ளி என்பதற்குக் காண்க: ரசீதின் பின்புறம், பென்சில் குறிப்பு, கீழிருந்து மூன்றாம் வரி, ஒப்பிடுக: அதே ரசீதின் முன்புறம், பாடபேதம்: மாமியிடம் சொன்ன தொகை. இவற்றுள் மூலபாடம் எது என்பதில் பதிப்பாசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மாமிக்கு மட்டும் ஐயமே இல்லை.

வயரின் தடிமனுக்கு வருவோம். தகடு 10 மீட்டர் தள்ளி இருந்தால் மின்சாரம் போய்த் திரும்ப 20 மீட்டர் செம்பு வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் அதன் தடை சுமார் 0.09 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் வழியிலேயே கரையும். 18 வோல்ட் தகட்டுக்கு அது இருபதில் ஒரு பங்கு. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.6 வோல்டாகக் குறையும். பழைய விசிறி வயரே போதும் என்பாரும் உளர். கிள்ளான் வெயில் அதன் உறையை வெடிக்க வைத்து மறுப்புரை எழுதும். வெள்ளீயம் பூசிய செம்பு, இரட்டை உறை, மேலே எச்1இசட்2இசட்2-கே என்ற முத்திரை: இந்தக் கேபிள்தான் தாங்கும். அம்முத்திரையை மூச்சு விடாமல் சொல்பவருக்கு முனைவர் பட்டமே தரலாம். அதைவிடக் குறைந்த தகுதிக்கும் தந்திருக்கிறார்கள்.

இனி ஆய்வின் உயிர்நிலை. எம்சி4 இணைப்பியில் ஆண், பெண் என இரண்டு உண்டு. உள்ளே உலோக ஊசி இருக்கும் இணைப்பியை வெளியிலிருந்து பார்த்தால் பள்ளமாகத் தெரியும். வெளியே துருத்திக்கொண்டு நிற்பதற்குள்ளோ ஊசியை வாங்கிக்கொள்ளும் குழல் இருக்கும். உள்ளிருக்கும் உலோகத்தைப் பார்த்துப் பால் பிரிப்போர் அகத்தார். உறையைப் பார்த்துப் பிரிப்போர் புறத்தார். விற்பவர் அகத்தாராகவும் வாங்குபவர் புறத்தாராகவும் வாய்த்தால், பொட்டலத்தைப் பிரித்ததும் பூசல் தொடங்கும். (காண்க: ஜாலான் ஸ்காட் சாப்பாட்டுக் கடை, மூன்றாம் மேசை, முதல் அமர்வு, மறுப்பு: அதே மேசை, இரண்டாவது தே தாரே, மறுப்புக்கு மறுப்பு: பக்கத்து மேசைக்காரர், அழையாமலே, இவை அனைத்துக்கும் விளக்கவுரை: கடைக்காரர், "பில் யாருண்ணே கட்டுறது?")

ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் கேட்டதற்கு, "ஜோடியாக வாங்கு" என்றார். இருநூறு பக்க ஆய்வேட்டை இரண்டே சொல்லில் முடித்துவிடுவதால் இக்கருத்து எந்தக் கருத்தரங்கிலும் எடுபடாது.

செய்முறை: நுனியில் ஏழெட்டு மில்லிமீட்டர் உறையைச் சீவி, ஓர் இழையும் அறாமல் உலோக முனைக்குள் செருகி, கிரிம்பர் தானாக விடும்வரை அழுத்த வேண்டும். பிறகு நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். உறைக்குள் தள்ளினால் 'டிக்' என்று கேட்கும். அப்போதுதான் பின்பக்க நட்டை வயரில் கோக்காதது நினைவுக்கு வரும், இது மரபு. குறட்டால் நசுக்குவோர் கவனிக்க: பிடி சரியாக விழாத இடத்தில் சூடு ஏறிப் பிளாஸ்டிக் உருகும். ஒரு கம்பெனி ஆணுக்கு வேறு கம்பெனிப் பெண்ணைக் கட்டி வைத்தாலும் இதே கதிதான். கலப்பு மணத்தை ஆதரிப்பவன் நான். இங்கே மட்டும் குலம் கோத்திரம் பார்த்தே ஆக வேண்டும்.

வெயிலில் கரண்ட் ஓடும்போது இணைப்பியைப் பிடுங்காதீர்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி எளிதில் அணையும். தகட்டிலிருந்து வரும் டிசி அப்படி இறங்காது, பொறி நின்று எரியும். தகட்டுக்கு சுவிட்ச் கிடையாது. தடித்த துணியால் மூடிவிட்டு வேலை பாருங்கள். மாட்டுமுன் பிளஸ் மைனஸை மல்டிமீட்டரில் பாருங்கள், வயரின் நிறத்தை நம்ப வேண்டாம்.

முடிபு: ஒரே ஒரு வயர்தான் தேவை என்றால் கடையில் வாங்குவதே மலிவு. அக்கம்பக்கத்துக்கெல்லாம் செய்து கொடுத்தால்தான் கிரிம்பர் விலை தேறும். அதற்குக் கிரிம்பர் கையில் இருக்க வேண்டும். அதை இரவல் வாங்கிக் கிள்ளானுக்குக் கொண்டுபோன சக ஆய்வாளர் தீபாவளிக்குள் திருப்பித் தரவும். மாமி கேட்கிறார்.