அத்தை கேட்ட புட்டிங்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே மழை.

பேரனுக்குச் செய்து கொடுக்க “அசல் இங்கிலீஷ் புட்டிங்” குறிப்பு கேட்டிருந்தீர்கள். அனுப்புகிறேன். ஆனால் எந்தப் புட்டிங் என்று சொல்லவில்லையே! நம் ஊரில் அது சைனா கிராஸோ கேரமலோ, கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இந்த இங்கிலீஷ்காரர்களோ அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குடித்தனமே நடத்துகிறார்கள்.

நான் இருக்கும் பெரி, மான்செஸ்டருக்கு வடக்கே. இந்த ஊர் மார்க்கெட்டின் பெருமையே பிளாக் புட்டிங்தான். பெயரைக் கேட்டால் சாக்லேட் என்று தோன்றும். பன்றி ரத்தத்தில் கொழுப்பும் ஓட்ஸும் பார்லியும் கலந்து, குடலில் அடைத்து அவிப்பது. கடைக்காரம்மாள் வெந்நீரிலிருந்து ஒன்றை எடுத்து, நீளவாக்கில் கீறி, கடுகு விழுது தடவிக் காகிதத்தில் வைத்துத் தருகிறாள். வாங்கியவர்கள் மழையில் நின்றபடியே தின்கிறார்கள். நீங்கள் வள்ளலார் வழிக்குப் போய் முட்டையைக்கூட விட்டவர். மாமாவிடம் மட்டும் இதைப் படித்துக் காட்டாதீர்கள், உடனே டிக்கெட் போடச் சொல்வார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வம்சத்தில் மூத்தது இதுதான். 1300 வாக்கில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது, விலங்கின் வயிற்றிலோ குடலிலோ கறியைத் திணித்து அவித்ததற்குத்தான் புட்டிங் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களின் ‘பூதேன்’ என்ற ரத்தக் குடல்கறியிலிருந்து வந்த சொல் என்று பலர் சொல்கிறார்கள். இல்லை, வீக்கத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல் என்று சிலர் மல்லுக்கு நிற்கிறார்கள். தின்றவன் வயிற்றைப் பார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும்.

லண்டனில் புட்டிங் லேன் என்று ஒரு சந்து. 1666 செப்டம்பரில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக் கடையில் பிடித்த தீ ஊரையே தின்றதே, அந்த இடம். ரொட்டிக்கடைத் தெருவாயிற்றே, இனிப்புப் பெயராக்கும் என்று நினைக்கக் கூடாது. ஈஸ்ட்சீப் கசாப்புக்காரர்கள் குடலையும் கழிவையும் அந்த வழியாகத்தான் தேம்ஸ் ஆற்றுப் படகுகளுக்குக் கொண்டுபோனார்கள் என்று 1598லேயே ஜான் ஸ்டோ எழுதிவைத்துவிட்டார்.

பிறகு 17ஆம் நூற்றாண்டில் எந்தப் புண்ணியவதியோ குடலை விட்டுத் துணியைக் கையில் எடுத்தாள். மாவையும் உலர்ந்த பழத்தையும் மூட்டை கட்டிக் கொதிநீரில் போட்டால் போதும், பன்றி வெட்டும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த மூட்டைக்குள் சர்க்கரை புகுந்தது, கறி மெல்ல வெளியேறியது. கிறிஸ்துமஸ் புட்டிங் அந்தக் கிளைதான். ஆனாலும் பழைய முறைப்படி அதில் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பைத் துருவிப் போடுவார்கள். ஆகவே அதுவும் உங்களுக்கு ஆகாது.

யார்க்‌ஷயர் புட்டிங் என்பது மாவு, முட்டை, பால் கரைத்துச் சூடான கொழுப்பில் ஊற்றி அடுப்பில் உப்பவைப்பது. ஹன்னா கிளாஸ் 1747இலேயே சமையல் புத்தகத்தில் போட்டிருக்கிறார். இனிப்பு கிடையாது, வறுத்த இறைச்சிக்குப் பக்கவாத்தியம். நான்கு அங்குலமாவது உயராவிட்டால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று 2008இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி தீர்ப்புச் சொன்னது. வேதியியல் சங்கம்தான் அத்தை, கேலி இல்லை. பக்கத்தில் ராம்ஸ்பாட்டம் என்ற ஊரில் (ராமருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) இருபதடி உயர மேடையில் யார்க்‌ஷயர் புட்டிங்குகளை அடுக்கிவைத்து, பிளாக் புட்டிங்கால் எறிந்து வீழ்த்தும் உலகப் போட்டியே நடக்கிறது. இந்தப் பக்கத்து லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் 15ஆம் நூற்றாண்டு அரச வம்சச் சண்டையின் பெயரால் ஒரு பகை. இப்போது அதைச் சாப்பாட்டை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் மேலே, சாப்பாடு முடிந்து வரும் எந்த இனிப்பும் புட்டிங்தான், ஐஸ்கிரீம் உட்பட. அதை ‘ஸ்வீட்’ என்று சொல்பவர் மேல்தட்டு இல்லை என்று நான்சி மிட்ஃபோர்ட் என்ற எழுத்தாளர் 1955இல் ஒரு கட்டுரையில் எழுதினார். சாதி பார்க்க இவர்களுக்கு ஒரு கரண்டி போதும்.

உங்களுக்கு ஏற்றது ஒன்று உண்டு: வடகிழக்குப் பக்கத்து பீஸ் புட்டிங். மஞ்சள் பட்டாணிப் பருப்பை ஊறவைத்துக் குழைய வேகவைத்து, உப்பு, மிளகு, வெண்ணெய் சேர்த்து மசியுங்கள். இவர்கள் பன்றி வேகவைத்த நீரில் வேகவிடுவார்கள். நீங்கள் குழாய்த் தண்ணீரிலேயே வேகவிடலாம். பேரன் “இது பருப்பு” என்று அழுவான். அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சீரகம் தாளித்தால் எனக்கும் அழுகை வரும், வேறு காரணத்துக்காக.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: உடன் வேலை செய்பவர் சனிக்கிழமை “டீக்கு வா” என்று கூப்பிட்டிருக்கிறார். இந்தப் பக்கம் பலருக்கு டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு. புட்டிங் உண்டா என்று கேட்டேன். “உண்டு, இரண்டு” என்றார்.