மேற்படி மூடி தொடர்பாக

பெறுநர்: அமெரிக்காவில் மருந்து டப்பா மூடிகளுக்கு விதி எழுதும் அலுவலகத்தார்.
பொருள்: அழுத்தித் திருகும் மூடி – திறக்க இயலாமை – முறையீடு.
பார்வை: விஷத் தடுப்புப் பேக்கேஜிங் சட்டம், 1970.

ஐயா,

தாலுகா ஆபீசில் 31 வருஷம் கோப்பு கட்டி ஓய்வுபெற்றவன் நான். வயது 73. தற்போது நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் ஆறு மாத முகாம். மூட்டு வலிக்கு மகன் வாங்கித் தந்த மாத்திரை டப்பா எதிரில் இருக்கிறது. ஊரில் என்றால் அட்டையைப் பிதுக்கினால் மாத்திரை கையில் விழும். இங்கே மூடியை அழுத்திக்கொண்டே திருக வேண்டுமாம். அழுத்தினால் திருக வரவில்லை, திருகினால் அழுத்தம் போய்விடுகிறது. மேற்படி மூடி கடகடவென்று பிராகாரம் சுற்றுகிறதே தவிர, நடை திறந்த பாடில்லை.

நேற்று பேத்தி வந்தாள். நாலு வயது முடிய இன்னும் இரண்டு மாதம். "குடு தாத்தா" என்று வாங்கித் தரையில் வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் மூடிமேல் ஊன்றி, எம்பி, உடம்போடு சேர்ந்து ஒரு திருகு. "இந்தா" என்று டப்பாவை ஒரு கையிலும் மூடியை மறு கையிலும் நீட்டினாள். எனக்கு மூட்டு வலி போய் நெஞ்சு வலி வந்தது.

தங்கள் சோதனை விதிகளைப் படித்தேன். மூன்றரை முதல் நாலேகால் வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஐந்து நிமிஷம் தருகிறீர்கள். முடியாவிட்டால் ஒருதரம் திறந்துகாட்டி, வேண்டுமானால் பல்லால் கடிக்கலாம் என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிஷம். நூற்றுக்கு 80 பேர் தோற்றால் மூடி பாஸ். பாக்கி இருபதில் ஒன்று எங்கள் வீட்டில் வளர்கிறது.

பெரியவர்களுக்கும் பரீட்சை உண்டாம். 1995இல் திருத்தம் வரும்வரை 18 முதல் 45 வயதுக்காரர்களை வைத்தே நடத்தியிருக்கிறீர்கள். வாலிபர் திறப்பார், கிழவர் விழுங்குவார் என்று கணக்குப் போலும். இப்போது 50 முதல் 70 வரை. எழுபதைத் தாண்டியவனை எந்தப் பதிவேட்டில் வைத்திருக்கிறீர்கள்? பல்லால் கடிக்கும் சலுகையை எனக்கும் நீட்டித்தால், அப்புறம் டப்பாவிலிருந்து பல்செட்டையும் பிடுங்க வேண்டியிருக்கும்.

ஆகவே, பேத்தி திறந்த மறுநிமிஷம் மாத்திரை முழுவதையும் ஊரிலிருந்து கொண்டுவந்த பெருங்காய டப்பாவில் கொட்டிவைத்தேன். மருமகள் பார்த்துவிட்டாள். "மாமா, இதை அவ தட்டினாலே திறந்துக்குமே!" நியாயம்தான். மூடி திறக்க வராத கிழடுகள் மூடாமலே வைப்பதும் வேறு டப்பாவில் மாற்றுவதும்தான் 1995 திருத்தத்துக்கே ஒரு காரணம் என்று படித்தபோது, என் குற்றம் தங்கள் கோப்பில் முன்கூட்டியே ஏறியிருப்பது தெரிந்தது. குழந்தைகள் இல்லாத வீட்டுக்கென்று சுலப மூடி போட்டும் விற்கலாம் என்கிறது சட்டம். அந்தச் சலுகைக்காகப் பேத்தியை எங்கே அனுப்புவது?

எனவே அடுத்த சோதனையில் 73 வயது தாத்தாவையும் பேத்தியையும் ஒரே பாயில் உட்காரவைத்து, யார் முதலில் திறக்கிறார் என்று குறித்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, டப்பா மேல் அலமாரியில். மருமகள் ஆபீஸ் விட்டு வரும் ஆறரை மணிதான் எனக்கு மாத்திரை நேரம்.

இப்படிக்கு,
வலியுடன் காத்திருக்கும்
மனுதாரர்

இணைப்பு: பெருங்காய டப்பா – 1 (காலி).