அதுமேல எது உளுகும், கண்ணு?

ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ளயே ஜிம்மு வெக்கறயாமா? நல்ல சோலிதான். ரோட்டுல ஓடுனா நாய் தொரத்தும். தொரத்துனாத்தான் நீயும் ஓடுவே, அது வேற கதை. இப்ப உன்ற ரோசனை முச்சூடும் தரைக்கு எந்தக் கலர்ல ஃபோம் மேட்டு போடறதுங்கறதுலயே நிக்குதாமா. சாம்பல் நெறமா, மரம் கணக்கா வரி போட்டதா? செவுத்துக்குப் பொருந்தோணுமாமா! ஏஞ்சாமி, செவுரா உளுகப் போகுது அதுமேல?

ஊடு கட்டறப்ப சிமெண்டுத் தரை கேவலம்னு மொகம் தெரியற டைல்ஸா போட்டீங்க. வழுக்குதுன்னு இப்ப அதை மூட மேட்டு. மேட்டு அழுக்காகுமுன்னு நாளைக்கு அதுமேல ஒரு பவானி ஜமக்காளம் விரிப்பீங்க. ஜமக்காளம் பாழாயிருமுன்னு பொடுசை இடுப்பை உட்டு எறக்கவே மாட்டீங்க. நான் பாக்காததா?

அந்த ஃபோம் மேட்டு என்ன சரக்குன்னாச்சும் தெரியுமா? ஈவிஏன்னு பேரு. நீ காலுல மாட்டிட்டுத் திரியறயே லேசான செருப்பு, அதுவும் ஓடற ஷூவோட அடிமெத்தையும் அனேகமா இதேதான். உள்ளுக்குள்ள பூராம் வாய் மூடுன காத்துக் குமிழி. அதனால தண்ணி லேசுல எறங்காது. மிதிச்சா அமுங்கும், காலை எடுத்தா எந்திரிக்கும். நாள்பூரா கனத்தைத் தூக்கி வெச்சா எந்திரிக்காது. அதோட சாதகம் அம்புட்டுத்தான். இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் போன்ல நட்சத்திரம் எண்ணிட்டிருக்கே!

நட்சத்திரத்தை உடு. எது உளுகும்னு கேளு. தவழற பொடுசு, எந்திரிச்சு நிக்கப் பாத்து பொத்துன்னு உக்கார்றதுன்னா 10, 12 எம்எம் தடிமன் போதும். குட்டிக்கரணம் அடிக்கறவன், மல்லுக்கட்டறவன் இருந்தா 20, 25 எம்எம். சோபா முதுகு மேல ஏறிக் குதிக்கறவன் இருந்தா? அவனுக்கு மேட்டு இல்லை. அவனை எறக்கி உடு. பார்க்குல சறுக்கு மரத்துக்கடியில மணலைக் கொட்டி வெச்சிருக்கறது என்ன, அழகுக்கா?

உளுகறது இரும்புன்னா கதையே மாறிப்போச்சு. டம்பெல்ஸு ஃபோம்ல உளுந்தா ஃபோமும் குழியும், அடியில டைல்ஸும் தெறிக்கும். அதுக்கு ரப்பர் மேட்டு. கனமா இருக்கும், ஒரு மாதிரி டயர் வாசம் அடிக்கும், போட்டோவுக்கு அழகா இருக்காது. ஆனா தாங்கும். டிரெட்மில்லையும் அதுமேலயே நிறுத்து. இன்னொண்ணு, மெத்துன்னு இருக்கற ஃபோம்ல நின்னு பெரிய எடை தூக்காதே. சேத்து வயல்ல நின்னுட்டு நெல்லு மூட்டை தூக்கறாப்பல, முட்டி ஒருபக்கம் போகும், மூட்டை ஒருபக்கம் போகும். ஆசனம் போடறதுக்கும் உருண்டு பொரள்றதுக்கும்தான் ஃபோமு.

கடைக்குப் போனா கலரை அப்பறம் பாரு. ஓரத்துல பல்லு வெச்சு ஒண்ணோட ஒண்ணு மாட்டற ஃபோம் டைலு, ஒரே அளவுல, ஒரே தடிமன்ல ரண்டைக் கையில எடு. கனமா இருக்கறது நெருக்கமான சரக்கு. கட்டைவெரலால ஒரு அமுக்கு அமுக்கு. குழி உடனே எந்திரிக்குதா, சோம்பேறியாட்டம் படுத்தே கெடக்குதா? படுத்துக் கெடக்கறது மூணு மாசத்துல அப்பளம். பத்துக்குப் பத்து ரூமுன்னா ரண்டடி டைலு 25 வரும். கூட ரண்டு வாங்கிப் போட்டுக்க. பின்னாடி போனா அதே நெறம் கெடைக்காது, வேற கம்பெனிப் பல்லு இதுல மாட்டாது.

பொடுசு படிக்கட்டும்னு ஏபிசிடி கழட்டி மாட்டற மேட்டு வாங்கறீங்க. அவன் எங்க படிக்கறது? மொதல்ல திம்பான். அந்த ‘ஏ’ எழுத்து நடுவுல ஒரு முக்கோணம் இருக்குதே, பாத்திருக்கியா? இத்தினியூண்டு. தொண்டையில சிக்கறதுக்குன்னே செஞ்சாப்பல. மூணு வயசு ஆகற வரைக்கும் எழுத்தே இல்லாத மொட்டை மேட்டு போதும்.

மருந்து வாசம் அடிச்சா அன்னிக்கே விரிக்காதே. காத்தாட நெழல்ல நாலு நாள் கெடக்கட்டும். ஃபார்மமைடுங்கற ரசாயனம் இந்த மேட்டுல இருக்குதுன்னு பெல்ஜியம் நாட்டுக்காரன் 2010 டிசம்பர்லயே விக்கக்கூடாதுன்னுட்டான். ஐரோப்பா முச்சூடுக்குமா 2015ல பொம்மையில அது இம்புட்டுத்தான் இருக்கலாம்னு அளவு கட்டுனாங்க. நம்ம நாட்டுல 2021 சனவரியில இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கொழந்தைக்குன்னு சொல்லி விக்கறவங்கிட்ட அந்த முத்திரையக் கேளு. மூஞ்சியச் சுளிச்சான்னா அடுத்த கடை.

வாங்கறது பெருசில்லை கண்ணு, வெச்சிருக்கறதுலதான் சமாச்சாரம். மேல பளபளன்னு இருக்கும். தண்ணி மேட்டுக்குள்ள எறங்காதுன்னேன், பல்லு சேர்ற எடத்துல எறங்காதுன்னு சொல்லலையே? வேர்வை, சிந்துன பாலு, மாப்புத் தண்ணி எல்லாம் அந்த இடுக்கு வழியா அடியில போயி உக்காந்துக்கும். கீழ டைல்ஸு, மேல ஃபோமு. காத்து எப்படிப் போகும்? ஓதம் புடிச்சு, பூசணம் பூத்து, ஒரம்பரை வந்தா “என்னமோ வாசம் வருதே”ம்பாங்க. நீ ஊதுபத்தி பொருத்துவே. வாரத்துக்கு ஒருக்கா மேட்டைக் கழட்டித் தூக்கிப் பாரு. முறுக்குத் துணுக்கு, தலைமுடி, காணாமப்போன தோட்டுத் திருகாணி, எறும்பு, எல்லாம் கெடைக்கும். தரையக் கூட்டு. மேட்டை ரண்டு பக்கமும் சோப்புத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால தொடை. ஈரம் போன பொறவு மாட்டு. ஆசிட்டு, பிளீச்சிங்கெல்லாம் கிட்டயே கொண்டுபோகாதே.

சீக்கிரம் காயட்டும்னு மொட்டைமாடி வெய்யில்ல போட்டுராதே. சுருங்கி ஓரம் தூக்கிக்கும், அப்பறம் பல்லு மாட்டாது. நெழல்தான். செவுத்தோரம் ஒரு வெரக்கடை எடம் உட்டு விரி. சூட்டுக்கு அது விரியும். எடமில்லைன்னா நடுவுல பொடச்சுக்கும், அதுலயே தடுக்கி உளுவே.

இத்தனையும் கேட்டுட்டு தலையத் தலைய ஆட்டறயே, வாராவாரம் கழட்டித் தொடைக்கறது ஆருன்னு முடிவு பண்ணிட்டியா? காசு கட்டறதுக்கு மின்னாடியே பண்ணிக்க. உங்கம்மாளுக்கு முட்டிவலி, அவ குனிய மாட்டா.