செவுளைத் திறந்து பார்க்காத தர்மம்

2004 டிசம்பர் 26 சுனாமி. காரைக்காலில் பிணங்களை அடக்கம் செய்த ஈரம் காயவில்லை. புதுச்சேரிக் குப்பங்களில் படகும் இல்லை, வலையும் இல்லை. அதற்குள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு புண்ணியவான் வேலையைத் தொடங்கிவிட்டார். மெர்சி கார்ப்ஸ் என்ற உண்மையான தொண்டு நிறுவனத்தின் வேஷம் கட்டி, சுனாமி நிதி கேட்டு லட்சக்கணக்கானோருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 2005 ஜனவரியில் எஃப்.பி.ஐ. பிடித்தது. அந்தச் சுறுசுறுப்புக்கு அவரை நம் ஊர் நிவாரண அலுவலகத்தில் வேலைக்கு வைத்திருக்கலாம்.

2020 மார்ச்சில் பி.எம். கேர்ஸ் நிதி அறிவித்த சூட்டோடு, 'கேர்ஸ்' என்பதில் கடைசி 'எஸ்'ஸை மட்டும் விழுங்கிய போலி யூ.பி.ஐ. முகவரி கிளம்பியது. டெல்லி போலீஸ் தலையிட்டு முடக்க வேண்டியிருந்தது. பிரதமர் பெயரிலேயே கை வைப்பவன் அநாதை இல்லத்தையா விட்டுவைப்பான்?

அவனுக்கு அது பிழைப்பு. எனக்கு ஆத்திரம் நம்மவர்கள் மேல்தான். பெரிய மார்க்கெட்டில் செவுளைத் திறந்து பார்க்காமல் ஒரு சங்கரா மீனைக்கூட வாங்காத மகானுபாவர்கள், அழுகிற குழந்தைப் படமும் 'இன்றிரவு 12 மணிக்குள்' என்ற கெடுவும் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐயாயிரம் தட்டுகிறார்கள். தர்மத்துக்குக் கணக்குக் கேட்டால் பாவமாம்! பணம் போகுமுன் திரையில் பெறுபவர் பெயர் வருகிறது. அறக்கட்டளைக்கு அனுப்பும் காசு யாரோ தனி ஆள் கணக்குக்கு ஏன் போகிறது என்று கேட்க வாய் வரவில்லை. 80ஜி வரிவிலக்கு உண்டு என்று பீற்றுகிறார்களே, வருமானவரித் துறை இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்க விரல் வரவில்லை. ஃபார்வர்டு செய்ய மட்டும் பத்து விரலும் வரும்.

பாரிஸில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர் இங்குள்ள தொண்டு நிறுவனத்துக்குத் தரும் பணம், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் வந்து சேர வேண்டிய இடம், டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பிரதான கிளை. 'செயலாளரின் சொந்தக் கணக்கில் போடுங்கள், அண்ணா' என்று கடிதம் வந்தால் அந்தச் செயலாளர் யாரென்று புரிந்துகொள்ளுங்கள்.

ஏமாந்த கையோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்தால் பணத்தை இடையில் நிறுத்தவாவது வழியுண்டு. செய்யமாட்டார்கள், தெருவில் மானம் போய்விடுமாம். வாரம் கழித்து இன்னொரு மின்னஞ்சல் வரும்: 'நீங்கள் இழந்த தொகையை மீட்டுத் தருகிறோம், கட்டணம் ரூ. 2,000.' அதையும் கட்டுவார்கள்.